என் ஸ்கேட்ஸ் அடித்த கோல்

காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு சிமெண்ட் தரையில் ஆடும் ஹாக்கியை எங்கள் ஊரில் அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். திருப்பூர் பள்ளிகளுக்கான ஜூனியர் லீகில், நான் எட்டாவது படித்த வருடம், எங்கள் அணியில் அதிக கோல் அடித்தவள் நான்தான். வர்ஷினியும் அதே அணி. அருள்புரத்தில் அவள் அப்பா நடத்திய பனியன் கம்பெனியில் என் அப்பா கட்டிங் மாஸ்டர்.

இறுதி ஆட்டம் சமநிலையில் இருந்தபோது வர்ஷினியின் ஸ்கேட்டிலிருந்து ஒரு சக்கரம் கழன்று ஓடியது. அழுதுகொண்டே வெளியே வந்தாள். யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பாதான் கேலரியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"எம்பொண்ணுது இருக்குதுங்களே. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானுங்க."

"வேண்டாங்க மாஸ்டர், பாப்பா ஆடட்டும்" என்றார் முதலாளி.

"அட, அவ கெடக்கறாளுங்க."

கோச் வேறு பக்கம் பார்த்தார். அப்பா என்னை வெளியே கூப்பிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, லேஸை அவரே அவிழ்த்தார்.

"நான் நல்லாத்தானே ஆடறேன்ப்பா" என்றேன்.

"காலை இழுக்காத கண்ணு."

சுடுகிற சிமெண்டில் வெறும் சாக்ஸோடு நின்றேன். என் ஸ்கேட்ஸைப் போட்டுக்கொண்டு போய் வர்ஷினி கோல் அடித்தாள். முதலில் கைதட்டியவர் என் அப்பா.

பாவம், வேலை போய்விடுமோ என்று பயந்திருப்பார் என எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த முகத்தை நான் பார்த்தேன். அதில் பயமே இல்லை. நான் அடித்த எந்தக் கோலுக்கும் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.