குள்ளனும் ஆறு மணி கேட்டும்

நூற்றுப் பத்து கிராம். மெர்சியின் இரண்டு பேட்டரிகளுக்கும் இடையே இருந்த எடை வித்தியாசம் அவ்வளவுதான். பெரியதற்குத் தடியன் என்றும் சிறியதற்குக் குள்ளன் என்றும் பெயர் வைத்திருந்தாள். ரிமோட்டில் ஓடும் அவளுடைய பந்தயக் காரில் தடியனை மாட்டினால் வளைவில் வெளிப்பக்கம் இழுக்கும், மேட்டில் தாவினால் மூக்குக் குப்புற விழும். ஆனால் சார்ஜ் தீரவே தீராது. குள்ளனை மாட்டினால் கார் பறக்கும். ஐந்து நிமிட ஓட்டம் ஒன்றைத் தாங்கும். மறுபடி சார்ஜ் போடாமல் அடுத்ததில் இறக்கினால் பாதியிலேயே மூச்சு வாங்கும்.

பந்தயம் தெரிந்த யாரைக் கேட்டாலும் குள்ளனைத்தான் சொல்வார்கள். மெர்சியோ ஏழு மாதமாகத் தகுதிச் சுற்றில் தடியனையே மாட்டிவந்தாள். மெதுவாக ஓடுவதற்காகத்தான்.

காரணம் ஹாஸ்டல் கேட்.

வந்தவாசிப் பக்கத்துப் பெண். வயது இருபத்து மூன்று. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் செல்போன் பேட்டரி சோதிக்கும் லைனில் வேலை. கம்பெனி பஸ் ஹாஸ்டல் வாசலில் ஏற்றிக்கொண்டு போய், ஹாஸ்டல் வாசலிலேயே கொண்டுவந்து விடும். பாதுகாப்பான ஹாஸ்டல் என்று சொல்லித்தான் அப்பாவிடம் சம்மதம் வாங்கியிருந்தாள். அங்கே வெளியே போக ஞாயிறு மதியம் மட்டும் அவுட்பாஸ். மாலை ஆறு மணிக்கு கேட் மூடிவிடும்.

அந்த ஞாயிறுகளில்தான் லீக் பந்தயம். வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் விற்காமல் கிடந்த மனைப் பிரிவில், ரியல் எஸ்டேட் புரோக்கர் கோதண்டம் ரப்பர் குழாயை வளைத்து வளைத்துப் போட்டு ஒரு தடம் அமைத்திருந்தார். தகுதிச் சுற்றில் முதல் பத்து இடம் பிடிப்பவர்களுக்கு ஏ ஃபைனல், அடுத்த பத்துப் பேருக்கு பி ஃபைனல். கூட்டம் கலையாமல் இருக்க ஏ ஃபைனலைக் கடைசியில்தான் வைப்பார். அது முடிவதற்குள் ஹாஸ்டலில் கேட்டை இழுத்துப் பூட்டியிருப்பார்கள். அதனால் மெர்சி தடியனோடு ஓடி பதினைந்தாவது, பதினாறாவது இடத்துக்கு வருவாள். பி ஃபைனலில் குள்ளனை மாட்டி எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடுவாள்.

இந்தக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் ஜோயல், பெரியம்மா மகன். ஒரகடம் கூட்டுரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஹாஸ்டலில் போனைத் தவிர எதற்கும் சார்ஜ் போடக் கூடாது என்பதால் காரும் பேட்டரிகளும் அவன் கடையில்தான் இருக்கும்.

"ஊர்ல எல்லாம் ஸ்பீடா ஓடத்தான் பேட்டரி தேடறானுங்க. நீ ஸ்லோவா ஓட பேட்டரி வச்சிகினு கீற" என்பான்.

போன வாரம் நடந்தது வேறு. ஏ ஃபைனலில் ஒருவர் வரவில்லை. பி ஃபைனலில் ஜெயித்த மெர்சியை அந்த இடத்துக்குக் கோதண்டம் கூப்பிட்டார். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். ராத்திரி ஜோயலிடமிருந்து போன் வந்தது.

"மெர்சி, நீ போனப்புறம் நானே உன் காரை எடுத்து ஓட்டிட்டேன். ஏ ஃபைனல்ல மூணாவது! நம்ம காரு மூணாவது!"

"சூப்பர்ண்ணா" என்றாள். அவளே ஸ்பிரிங் மாற்றி, அவளே சக்கரம் ஒட்டிய கார். அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இந்த ஞாயிறு தடத்துக்குள் நுழைந்ததுமே கோதண்டம் மைக்கில் ஆரம்பித்துவிட்டார். "பி ஃபைனல் மகாராணி வந்துட்டாங்கப்பா! ஏ ஃபைனல்னா வயித்த கலக்குமாம், யாராச்சும் ஒரு சோடா வாங்கி குடுங்கப்பா!"

கூட்டம் சிரித்தது. ஜோயல் காரைத் திறந்து வைத்துக்கொண்டு, "தடியன்தானே?" என்றான்.

"குள்ளன்."

ஜோயல் நிமிர்ந்து பார்த்தான். "கேட்டு? ஏற்கெனவே ரெண்டு வாட்டி லேட்டு. மூணாவது வாட்டின்னா மூணு மாசம் அவுட்பாஸ் கட்டு. அதுக்குள்ள லீகே முடிஞ்சிடும்."

"அஞ்சு மணிக்கு ஏ ஃபைனலு கரெக்டா ஸ்டார்ட் பண்ணா, ஆட்டோ ரெடியா நின்னா, புடிச்சிடலாம். குள்ளன போடுண்ணா."

குள்ளன் பறந்தது. ஆறாவது இடம். ஏ ஃபைனல் பட்டியலில் அவள் பெயரை 'மகாராணி' சேர்க்காமல் வாசித்தார் கோதண்டம்.

குள்ளனில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. ஜெனரேட்டரில் ஓடும் சார்ஜர் மேசையிலோ ஏகப்பட்ட வரிசை. வேறு வழியில்லை, ஃபைனலுக்குத் தடியனைத்தான் மாட்டவேண்டும். மாட்டினாள். ஓட்டுநர்கள் நிற்கும் பலகை மேடையில் ஏறினாள். ஐந்து மணிக்குப் பத்து கார்களும் கோட்டில் நின்றன.

முதலிடத்தில் நின்ற காரிலிருந்து புகை வந்தது.

அது வெங்கடேசன் என்ற இன்ஜினியரின் கார். பேட்டரி அப்பளம்போல் உப்பியிருந்தது. இரண்டு பேர் இடுக்கியால் எடுத்து மணல் வாளிக்குள் போட்டார்கள். வயர் உருகிவிட்டது, மாற்றாமல் ஓட முடியாது என்றார் வெங்கடேசன்.

"டாப்ல வந்தவரு இல்லாம இன்னா ஃபைனலு?" என்றது மைக். "முக்கா மணி நேரம் பிரேக்! எல்லாரும் டீ சாப்பிடுங்க!"

மெர்சி மேடையிலேயே நின்றாள். ஜோயல் ஓடி வந்தான்.

"ஆட்டோ வெளிய நிக்குது. இப்பவே கெளம்புனா கேட்ட புடிச்சிடலாம். கார நான் ஓட்டிக்கிறேன், நீ போ."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். ரிமோட்டை வாங்கக் கையும் நீட்டினான். மெர்சி அந்தக் கையைப் பார்த்தாள். இப்போது போனால் அடுத்த ஞாயிறும் வரலாம், அதற்கடுத்த ஞாயிறும் வரலாம். வந்து தடியனை மாட்டிக்கொண்டு பதினைந்தாவதாக வரலாம்.

"வேணாம்ண்ணா. ஆட்டோவ அனுப்பிடு. சார்ஜர் மேசை காலியா கீதா பாரு."

எல்லோரும் டீக்குப் போயிருந்ததால் மேசை காலியாகத்தான் இருந்தது. குள்ளனைச் சார்ஜில் போட்டுவிட்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கேட் மூடியபின் பத்து நிமிடம் லேட்டும் ஒன்றுதான், இரண்டு மணி நேரம் லேட்டும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையில் கடிகாரத்தைப் பார்க்காமல் அவள் டீ குடித்தது அதுதான் முதல் தடவை. டீயில் சர்க்கரை அதிகம்.

வெங்கடேசனின் வயர் வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆறு தாண்டியதும் வார்டன் ராஜாமணி போனில் அழைத்தார்.

"எங்கடி கீற?"

"வல்லக்கோட்டை மேடம்."

"கோயிலா? கூட்டமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வல்லக்கோட்டை முருகன் பெயரைச் சொன்னால் ராஜாமணி மேடம் சில சமயம் இளகுவார். ஆனால் ஜெபமாலை போட்ட பெண்ணுக்கு அந்தச் சாக்கு எடுபடாது.

"இல்ல மேடம். கார் ரேஸ்."

"காரா? யாரு காரு? யாருகூட போன?"

"என் காருதான் மேடம். ரிமோட் காரு. எங்க அண்ணன்கூட வந்தேன்."

"பொம்ம காருக்கா லேட்டு? இது மூணாவது வாட்டி, தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"சரி. சோறு எடுத்து வைக்கச் சொல்லவா?"

"வைங்க மேடம்."

ஃபைனலில் முதல் சுற்றிலேயே இரண்டு கார்கள் மோதிக்கொண்டன. அந்த இடைவெளியில், சார்ஜ் ஏறிய குள்ளன் நுழைந்தது. அதன்பின் யாரும் சும்மா வழி விடவில்லை. வெங்கடேசனின் கார் அவளை ஒரு சுற்று முந்திப் போனது. கடைசி நிமிடத்தில் மூன்றாவது காரை வளைவில் ஒட்டி உரசினாள், தாண்ட முடியவில்லை. நான்காவது இடம்.

"போன வாரம் மூணு, இந்த வாரம் நாலு!" என்றார் கோதண்டம் மைக்கில். "காரு டல்லாயிடுச்சா மகாராணி?"

"காரு அதேதான்ணே" என்று மேடையிலிருந்தே கத்தினாள் மெர்சி. "இந்த வாட்டி ஓட்டுனதுதான் நானு."

ஹாஸ்டலுக்கு ஜோயல்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டான். ராஜாமணி தானே வந்து கேட்டைத் திறந்தார். திட்டவில்லை. மூன்று மாதம் என்று மட்டும் சொன்னார்.

லீக் முடியும்வரை மெர்சியின் காரை ஜோயல் ஓட்டுகிறான்.