உதட்டுக்கு அரைத்த ஆமணக்கு

மார்கழிப் பனியில் என் இரண்டு வயது மகளுக்கு உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. தேன்மெழுகை உருக்கி, வெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து பூசுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு விளக்கெண்ணெய் தீர்ந்திருந்தது. எண்ணெய் காய்ச்சுவதற்காக எரியோடு ஊரிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய ஆமணக்குக் கொட்டைதான் இருந்தது. இதில் இருப்பதும் அதே எண்ணெய்தானே என்று பச்சையாகவே அம்மியில் அரைத்து, வெண்ணெயில் குழைத்துப் பூசிவிட்டேன். வெண்ணெய் ருசிக்கு அவள் சப்புக்கொட்டி நக்கினாள்.

உள்ளே வந்த என் கணவர் அம்மியைப் பார்த்து அலறினார். "அடியே, பச்சைக் கொட்டையவா அரைச்ச? அதைத் தின்னுதான் அம்மா வீட்டுக் கன்னுக்குட்டி செத்துச்சு! வாயத் தொடைடி மொதல்ல!"

முந்தானையால் அவள் வாயை அழுந்தத் துடைத்தேன். குதிரை வண்டி பிடித்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை அன்று முழுக்க வாந்தி எடுத்தாள்.

"எண்ணெயாக் காய்ச்சி எடுத்தா அந்த விஷம் போயிரும்மா. இவ கொஞ்சமா நக்குனதால பொழச்சா" என்றார் டாக்டர்.

உதட்டில் பூசுவது வயிற்றுக்கும் போகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது வெறும் வெண்ணெய்தான் பூசுகிறேன். அப்படியும் அவள் உதட்டை நக்கினால், என் முந்தானை தானாக அவள் வாய்க்குப் போய்விடுகிறது.