ஆயுதபூஜைக்குக் கழுவிய கண்ணாடிகள்

போன வாரம் பெரம்பலூரில் இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். லேப் பெண் என் இரத்தத்தைச் சின்னக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, ஊதா மையில் நனைத்து எடுத்தாள். எனக்குச் சோப்புப் பவுடர் வாசம் வந்தது. அங்கே சோப்பு ஏது? என் மூக்குதான் இருபது வருடத்துக்கும் முன்னால் போய் நின்றுகொண்டது.

அரியலூரில் அப்போது ஒரு மியூசியம் இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். கொள்ளிடக்கரை ஊர்களில் யானைக்கால் நோயைத் தேடித்தேடி ஆராய்ந்த ஒரு டாக்டரின் மைக்ராஸ்கோப், குறிப்பேடுகள், ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடித் துண்டுகள், அவ்வளவுதான். அவர் இறந்தபிறகு மனைவி, டாக்டரம்மா, வீட்டு முன்னறையையே மியூசியமாக்கியிருந்தார். திருமானூரிலிருந்து பஸ்ஸில் போய், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது என் முதல் வேலை. பெரும்பாலும் குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான் வருவார்கள். கூட்டிப் பெருக்க அஞ்சலையக்கா இருந்தார்.

ஆயுதபூஜை வந்தால் நம் ஊரில் கழுவாமல் விடும் பொருள் உண்டா? சைக்கிள், அரிவாள், தராசு எல்லாமே குளிக்கும். அந்த வருடம் பூஜைக்கு முதல் நாள், அஞ்சலையக்கா வீட்டுக்குப் போனபிறகு நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். எல்லாக் கண்ணாடியிலும் ஊதாக் கறை. சோப்புப் பவுடரில் ஊறப்போட்டு, நாரால் தேய்த்து, பளிச்சென்று அடுக்கிவைத்தேன். பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

மறுநாள் டாக்டரம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று. பெட்டி முழுவதையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இதுல இருந்த ரத்தம் எங்கம்மா? மெட்ராஸ் புரொபசர் திங்கக்கிழம வராரு. இதப் பாத்துட்டுத்தான் டாக்டரு பேரத் தன் புத்தகத்துல போடுறேன்னாரு.”

தினமும் விளக்கிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கறைதான் இரத்தம் என்று அப்போதுதான் உறைத்தது.

“அஞ்சலையக்கா கழுவிட்டாங்க போலருக்குங்க” என்றேன்.

அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

“தொடாதன்னு நீங்க சொன்ன நாள்லேர்ந்து அந்தப் பொட்டிய நான் தொட்டதில்லீங்கம்மா” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். நான் குங்குமக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பி.ஏ. படித்தவள் சொல்வதா, கூட்டுகிறவள் சொல்வதா? அன்றோடு அக்காவுக்கு வேலை போனது.

புரொபசர் வந்தார், டீ குடித்தார், போனார். புத்தகத்தில் டாக்டரின் பேர் வரவே இல்லை. நான் மட்டும் இன்னும் இரண்டு வருடம், கூச்சமே இல்லாமல், வெறும் கண்ணாடியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கடைசிவரை அஞ்சலையக்காவைத்தான் திட்டினார். இப்போது அந்த முன்னறையில் செல்போன் கடை. டாக்டரம்மா இல்லை, அக்காவும் இல்லை. நான்தான் கழுவினேன். கேட்கவேண்டிய இரண்டு பேரும் போனபிறகு எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது, பாருங்கள்.