வெர்னனுக்குக் குறைந்த ஒரு யூனிட்

வெர்னன் ஃப்ரீசனை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் நீச்சல் குளத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. கழுத்து இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான உடம்பு. முழங்கை வரை நெருப்புப் பொறி பட்ட தழும்புகள். புது நீச்சல் டிரவுசரில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்த அப்பா என்று நினைத்து, உங்கள் பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

"நான்தான் அந்தப் பிள்ளை," என்றார். சிரிக்கவில்லை.

நான் லூர்திஸ் சில்வைரா. ஃப்ரெஸ்னோ நகரைச் சுற்றி மூன்று சமுதாயக் கல்லூரிகளில் நீச்சல் சொல்லித்தருகிறேன். மூன்றிலும் பகுதிநேரம்தான். என் வாழ்க்கையில் பாதி காரிலும் மீதி குளோரின் வாடையிலும் போகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் சும்மா பொழுதுபோக்க வருகிற பையன்களும் பெண்களும். வெர்னன் மாதிரி ஒருவர் வந்தால் மனசு கொஞ்சம் விழித்துக்கொள்ளும்.

அவர் வந்த கதை இது. எங்கள் கல்லூரியில் பட்டம் வாங்க இரண்டு வழி உண்டு. இங்கே இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவர்களுக்கு ஒரு விதி. வெல்டிங், நர்சிங் என்று தொழில் படித்துவிட்டு நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு விதி. மாறிப் போகிறவர்களுக்கு உடற்பயிற்சிப் பாடம் கட்டாயமில்லை. தொழில் படிக்கிறவர்களுக்குக் கட்டாயம். ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த விதியால்தான் என் அடுப்பு எரிகிறது.

வெர்னன் பாதாம் உடைக்கும் ஆலையில் வெல்டர். பள்ளிக்கூடம் முடித்த மறுவாரம் உள்ளே போனவர். இடையில் ஏதோ ஒரு வருடம், மனைவி மார்லீன் நச்சரித்ததால் எங்கள் கல்லூரியில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தார். அதன் பிறகு பழக்கம் விடவில்லை. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம். வரலாறு, ஆங்கிலம், அரசாங்கம். அல்ஜீப்ராவில் ஒரு தடவை பாதியில் ஓடிப்போய், அடுத்த வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார். பட்டம் வாங்கி என்ன செய்யப்போகிறோம் என்று அவர் யோசித்ததே இல்லை. சிலர் மீன் பிடிக்கப் போகிற மாதிரி இவர் படிக்கப் போனார், அவ்வளவுதான்.

அப்போதுதான் கல்லூரியின் வெல்டிங் ஆசிரியர் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார். அந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டாம். தொழிலில் சில வருட அனுபவமும் ஏதாவது ஒரு இரண்டாண்டுப் பட்டமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் பட்டம் கையில் இருக்க வேண்டும். வெர்னனுக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. அந்த ஆலையில் தூசு தின்று சாவதற்குப் பதில், கடைசிப் பத்து வருடமாவது பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இவ்வளவு ஆசையை அவர் மனசில் வைத்திருந்தது மார்லீனுக்கே அப்போதுதான் தெரிந்ததாம். எல்லாப் பாடமும் முடிந்துவிட்டது என்று நம்பி, ஆலையில் எல்லாருக்கும் வீட்டில் சுட்ட பன் கொடுத்துவிட்டு, ஆலோசகரைப் பார்க்கப் போனார். ஆலோசகர் கணினியைப் பார்த்து, எல்லாம் சரி, உடற்பயிற்சிப் பாடக் கணக்கில் ஒரு யூனிட் மட்டும் குறைகிறது என்றார்.

அதை முதல் நாளே என்னிடம் கொட்டித் தீர்த்தார்.

"முப்பது வருஷத்துக்கு மேல இரும்பு தூக்குறேன் கோச். எனக்கு உடற்பயிற்சி பத்தலையாம். என் பொண்ணு கென்ட்ரா இதே காலேஜுலதான் படிக்கிறா. சோபாவுல கிடந்தா ரிமோட் எடுக்கக்கூட எந்திரிக்க மாட்டா. அவளுக்கு வேண்டாமாம். ஏன்னா அவ யுனிவர்சிட்டிக்குப் போறாளாம்."

தப்பிக்க எல்லா வழியும் பார்த்திருக்கிறார். டாக்டரிடம் போய் ஒரு சான்றிதழ் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, உனக்குக் காளைமாட்டு இதயம், போய் நீந்து என்று விரட்டிவிட்டார். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு, இவர் ராணுவத்துப் பக்கமே போனதில்லை. மாறிப் போகிறவர்களின் வழிக்குத் தாவிவிடலாமா என்று கேட்டதற்கு, தாராளமாகத் தாவலாம், ஆனால் தர்க்கவியலும் இன்னும் இரண்டு பாடமும் படிக்க ஒரு வருடம் ஆகும் என்றார் ஆலோசகர். எடை தூக்கும் வகுப்பில் கால்பந்துப் பையன்கள் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது காலை ஆறரை மணி நீச்சல் மட்டும்.

வெர்னனுக்குத் தண்ணீர் என்றால் பயம். எங்கள் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாசனக் கால்வாய்தான். ஒன்று, வெயில் காலம் முழுக்க அதில் குதித்து வளர்ந்திருப்பீர்கள். இல்லையென்றால் அதன் பக்கமே போகாமல் அடி வாங்கி வளர்ந்திருப்பீர்கள். வெர்னன் இரண்டாவது ரகம். சின்ன வயதில் அவருடைய பெரியப்பா மகன் ஒருவனைக் கால்வாய் கொண்டுபோய்விட்டது. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கென்ட்ராதான் ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் சொன்னாள். அதற்கப்புறம் அவரைக் கிண்டல் செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

செப்டம்பர், அக்டோபரில் பாதாம் அறுவடை. ஆலை இரவு பகல் ஓடும். வெர்னன் ராத்திரி ஷிப்ட் முடிந்து நேரே வகுப்புக்கு வருவார். காதில், மூக்கில், இமையில் எல்லாம் தூசு. குளிக்காமல் இறங்கக்கூடாது என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். அவர் ஷவரில் நின்றால் வடிகிற தண்ணீர் காபி நிறத்தில் ஓடும். வகுப்புப் பிள்ளைகள் அவருக்குப் "பெருசு" என்று பேர் வைத்தார்கள். பெருசு ஒருநாள்கூட மட்டம் போடவில்லை. ஆனால் சுவரை விடவும் இல்லை. மற்றவர்கள் குறுக்கே நீந்த, இவர் சுவரைப் பிடித்துக்கொண்டே குளத்தைப் பிரதட்சிணம் வந்தார். கால் எட்டுகிற இடத்தில் மிதக்கக் கற்றுக்கொண்டார். மூச்சுவிடக் கற்றுக்கொண்டார். ஆழம் என்றதும் கை சுவருக்குப் போய்விடும். விடுங்கள் என்று நான் கத்துவேன். விட்டுட்டேன் என்பார், ஐந்து விரலும் சுவரில் இருக்கும்.

கடைசி வாரத்தில் என் சோதனை ஒன்று உண்டு. ஆழமான பகுதியில் குளத்தை ஒரு தடவை குறுக்கே கடக்க வேண்டும். நாய் நீச்சலோ தவளை நீச்சலோ, எப்படியோ ஒன்று. திங்கள்கிழமை மூடுபனி வந்து உட்கார்ந்தது. எங்களுடையது திறந்தவெளிக் குளம், எதிர்ச்சுவர் தெரியாவிட்டால் திறக்கக்கூடாது. புதன்கிழமையும் அதே கதை. மிச்சம் வெள்ளி ஒருநாள்தான், அன்று மதியம் நான் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் நான் அவருக்குப் போன் செய்தேன். சோதனை நானாக வைத்துக்கொண்டது, துறை கேட்பது ஒழுங்காக வருவதை மட்டும்தான். நீங்கள் ஒருநாள்கூடத் தவறவில்லை, பாஸ் போட்டுவிடுகிறேன், வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்றேன். நல்ல செய்தி சொல்கிறோம் என்கிற சந்தோஷத்தில்தான் சொன்னேன். ஆலையின் இரைச்சலுக்கு மேல் அவர் குரல் வந்தது.

"கோச், ஒரு பையன் எங்கிட்ட தினமும் வர்றான், லீவே போடலை, ஆனா அவன் வச்ச வெல்டிங் எல்லாம் ஒழுகுதுன்னு வைங்க. அவனை வெல்டர்னு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பவா?"

"இது வெல்டிங் இல்ல வெர்னன். ஒரே ஒரு யூனிட் நீச்சல்."

"நான் கேக்குற வேலையே மார்க் போடுற வேலை. பொய் மார்க்குல உள்ள போய்ட்டு, அங்க நிஜ மார்க் போட எனக்கு எந்த மூஞ்சி இருக்கு? வெள்ளிக்கிழமை வர்றேன். முடியலைன்னா முடியலைன்னே எழுதுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த யூனிட்டை ஆரம்பத்திலிருந்து திட்டியவர் இவர்தானே. டாக்டரிடம் போய்ப் பொய்ச் சான்றிதழ் கேட்ட மனுஷனுக்கு இப்போது எங்கிருந்து வந்தது இந்த யோக்கியம்? முடியவில்லை என்று எழுதினால் வேலை போச்சு, இனி அந்த இடம் எப்போது காலியாகுமோ யார் கண்டது. போனை வைத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து தனியாகத் திட்டினேன். வியாழன் முழுக்கக் கவலையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பனி கொஞ்சம் விலகியது. எதிர்ச்சுவர் மங்கலாகத் தெரிந்தது. சூடாக்கிய குளத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் கடந்து முடித்துவிட்டுப் போகாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். கென்ட்ரா வந்திருந்தாள்.

"அப்பா, நீ மூழ்கிட்டா உன் பட்டத்தை நான் வாங்கிக்கிறேன்," என்றாள்.

"உனக்குத்தான் நீச்சல் இல்லாமயே குடுப்பானுங்களே," என்றார் அவர்.

நான் தண்ணீரில் அவர் பக்கத்தில் மிதந்தேன். முதல் தடவை சுவரை விட்டார், உடனே திரும்பிப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தடவை முங்கி, தண்ணீர் குடித்து, இருமி, மறுபடி சுவர். யாரும் சிரிக்கவில்லை. போதும் என்று சொல்ல என் வாய் வரை வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் காலால் உதைத்தார்.

அதை நீச்சல் என்று சொன்னால் என் தொழிலுக்கு அவமானம். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், முகம் வானத்தைப் பார்த்து. பாதியில் நின்றுவிட்டார் என்றே நினைத்தேன், நான் கையை நீட்டிவிட்டேன். அவர் என் கையைச் சுற்றிக்கொண்டு போனார். எதிர்ச்சுவரைத் தொட்டபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஓட்டப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

அந்தச் சுவரைத் தொட்டதில் யூனிட் வந்தது, யூனிட்டில் பட்டம் வந்தது, பட்டத்தில் வேலையும் வந்தது. இப்போது செவ்வாய்க்கிழமை மாலைகளில் வெல்டிங் கொட்டகைப் பக்கம் போனால் அவர் சத்தம் கேட்கும். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முடிந்தது, பக்கத்தில் ஏணி இருக்கிறது, ஏறுங்கள் என்றேன். அவர் ஏணியைப் பார்த்தார். தான் புறப்பட்ட பக்கத்தைப் பார்த்தார்.

"நான் திரும்பி நீந்திப் போறேன் கோச்."

"வேண்டாம் வெர்னன், ஒரு தடவைதான் கட்டாயம்."

"தெரியும்," என்றார். சுவரை விட்டார்.