கூண்டில் கட்டிய கம்பி

சேலம் பைபாசில் புதிதாகத் திறந்த ஓட்டல் ஒன்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் பழைய டெலிபோன் ஒன்றை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் கைப்பிடி வைத்து மாவு அரைப்பது போலச் சுற்றுகிற வகை. அதன் மேல் எந்த மடையனோ தங்க நிறப் பெயிண்டைப் பூசியிருந்தான். கிட்டே போய்க் குனிந்து மோந்து பார்த்தேன். கல்லாவில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். பெயிண்டுக்கு அடியில் அந்த வாசனை அப்படியே இருந்தது. பேக்லைட் என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கும் பழைய தூசியும், யார் யாரோ வாய் வைத்துப் பேசிய புளிப்பும் கலந்த வாசனை.

அந்த வாசனைக்காகக் காலையும் முகத்தையும் பாழாக்கிக்கொண்டவன் நான். எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வயரிங் வேலை பார்த்தேன். டெலிபோன் ஆபீஸ் ஏலத்தில் கழித்துவிட்ட சுற்றுப் போன்கள் சேலத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு வரும். எடைக்கு வாங்கி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்குப் போன் பண்ண ஆள் கிடையாது, நான் பண்ணவும் ஆள் கிடையாது. ஆனாலும் செத்துக் கிடந்த மணி ஒன்று என் கையால் மறுபடி அடித்தால் நாள் பூராவும் சோறு வேண்டாம்.

கைப்பிடியைச் சுற்றும்போது மணியடிக்கக் கரண்டு தருகிற காந்தம் ஒன்று அதற்குள் உண்டு, குதிரை லாட வடிவம், நல்ல கனம். அது ஒருமுறை காலில் விழுந்து கட்டைவிரல் நகம் கறுத்துக் கழன்றது. ஸ்பிரிங் ஒன்று தெறித்துக் கண்ணுக்குக் கீழே கிழித்தது. லாரியைத் துடைக்கிற தின்னரை ஊற்றிப் போனைக் கழுவினால் பளபளப்பு வரும் என்று கழுவினேன். பளபளப்பும் போயிற்று, இடது புருவமும் போயிற்று. பக்கத்தில் பீடி பற்றவைத்தவன் வேறு யாருமில்லை, நான்தான். ஒவ்வொரு தடவையும் ஊசி போட ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். அங்கிருந்த கம்பவுண்டர் சிரிக்காமல் கேட்பார், "இன்னைக்கு எங்கீங்க கடிச்சுது உங்க போனு?"

அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே கூட்டாளி செங்கோடன். ஊருக்கு வெளியே அவன் அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தார். செங்கோடனுக்கு ஒரு தங்கச்சி, பெயர் வசந்தா. அவளை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முடிவாகவில்லை. அவளிடம் நான் நாலு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்தப் பேச்சு கலைந்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் உதறலாகவே இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற ஜாதி இல்லை நான்.

அவர்கள் அப்பா, அந்தப் பெரியவருக்கு முழங்கால் வலி. வீட்டிலிருந்து கோழிக் கொட்டகை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் கூப்பிட்டால் கேட்காது. முட்டை ஏற்ற லாரி வந்தால் அங்கே நடந்து போய்ச் சொல்ல வேண்டும். நானே போய், "ரெண்டு போன் போட்டுத் தர்றனுங்க மாமா" என்று சொன்னேன். அவரைக் காக்கா பிடிக்கத்தான், மறைப்பானேன்.

இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. லாரியில் ஒரு விளக்குக்கு ஒரு வயர்தான் இழுப்போம். கரண்டு திரும்பி வருவதற்கு லாரியின் இரும்பே போதும். பாடி எர்த்து என்போம். பத்து வருஷம் அதையே செய்தவனுக்குப் பெரிய இரும்பைப் பார்த்தால் கை தானாகப் போகும். தென்னை மரங்களில் ஒற்றைக் கம்பியை இழுத்தேன். வீட்டுப் பக்கம் எர்த்தை அடிபம்புக் குழாயில் கட்டினேன். கொட்டகைப் பக்கம் கோழிக்கூண்டின் கம்பி வலையில் கட்டினேன். அந்தக் கூண்டு தரையைத் தொடவே இல்லை, கருங்கல் தூண்கள் மேல் நின்றது. கரண்டு மண்ணுக்கு இறங்கித் திரும்பி வர அங்கே வழியில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கொட்டகைப் போன் பக்கத்தில் செங்கோடன் நின்றான். வீட்டு வாசலில் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க நான் சுற்றினேன். மணி அடிக்கவில்லை என்று செங்கோடன் அங்கிருந்து கையை ஆட்டினான். மறுபடி சுற்றினேன். மறுபடி கையை ஆட்டினான். பெரியவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என் கையைப் பார்த்தார். அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடி ஒடிகிற மாதிரி சுற்றினேன். கொட்டகையில் இருந்த கோழி அத்தனையும் ஒன்றாகக் கத்தின. அதற்கு நடுவில் ஒரு பெண்ணின் அலறல்.

ஓடினேன். வசந்தா ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முட்டை எடுக்க வெறுங்காலோடு வந்து கூண்டைத் தொட்டிருக்கிறாள். அவள் தொட்ட அந்த நொடிதான் மணி அடித்தது என்று செங்கோடன் பிறகு சொன்னான். கரண்டு அவள் வழியாகத்தான் மண்ணுக்குப் போயிருக்கிறது. முழங்கை தூணில் இடித்துப் பிளந்து ரத்தம் ஒழுகியது. தாவணி முழுக்க மஞ்சள் கரு.

பெரியவர் நொண்டிக்கொண்டே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் கட்டிய முடிச்சு என் கண் முன்னாலேயே இருந்தது. வசந்தா முதலில் அந்தக் கம்பியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்கப்பா. கோழி மெரண்டுச்சு, வழுக்கிப்போட்டுது."

பட்டறை முதலாளியையே முகத்துக்கு நேராகத் திட்டியவன் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கம்பியை அவிழ்த்துக்கொண்டே, போன் வேலை செய்யவில்லை என்று மட்டும் முனகினேன்.

"அது கெடக்குது உடு சாமி, புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்றார் பெரியவர்.

அதே ஆஸ்பத்திரி. முழங்கையில் மூன்று தையல். கம்பவுண்டர் அவள் கையைப் பார்த்தார், வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அன்றைக்குப் போனைப் பற்றிக் கேட்காமல் ஊசியில் நூலைக் கோத்தார்.

பத்து நாள் கழித்துச் செங்கோடன் பட்டறைக்கு வந்து பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தான். "புள்ளைக்கு இஷ்டமில்லையாமா மாப்ள. ஏன்னு கேட்டா சொல்லமாட்டீங்கறா."

வீட்டிலிருந்த போன் எல்லாவற்றையும் வாங்கின கடையிலேயே கொண்டுபோய்க் கொட்டினேன். கொட்டிவிட்டால் தீர்ந்துவிடுமா? ஷாக் அடித்ததற்காக வேண்டாம் என்றாளா, நான் ஊமையாக நின்றதற்காகவா? ஷாக்குக்காக என்றால் என்னை ஏன் காப்பாற்றினாள்? ஊமையாக நின்றதற்காக என்றால், பொய்யை ஆரம்பித்தவள் அவள்தானே. வயர் போகிற வழியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற எனக்கு இது பிடிபடவில்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் போய்ப் பெரியவரிடமே ஒப்புக்கொண்டேன். கம்பியைத் தானும் அன்றைக்கே பார்த்துவிட்டதாகச் சொல்லி அவர் எனக்கு மோர் கொடுத்தார். குழப்பம் இரண்டு மடங்காயிற்று.

அவளை எடப்பாடியில் தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கும் கல்யாணம் ஆயிற்று. என் சம்சாரத்திடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "பொழச்சுது அந்தப் புள்ள" என்றாள்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் வசந்தாவைப் பார்த்தேன். முழங்கையில் தழும்பு இருந்தது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. கம்பியைக் கட்டியது நான்தான், சொல்லாமல் நின்றதும் என் தப்புத்தான், அதனால்தானே வேண்டாம் என்றாய் என்று கேட்டேன்.

முந்தானையை இழுத்து முழங்கையை மூடினாள். "அதுக்கில்லீங்க" என்றாள்.

பிறகு எதுக்கு என்று நான் கேட்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை. போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. பெரியவரும் செங்கோடனும் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

தகவல் வந்த வாரம் பண்ணை இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் ஹாஸ்டல், நாலு மாடி. தென்னை இல்லை, அடிபம்பு இல்லை. கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது, அவள் உட்கார்ந்திருந்த இடம் எது என்று சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். கோபம்தான் வந்தது. ஆனால் திட்டுவதற்கு அவன் தவறாக ஒன்றும் கேட்கவில்லை. யாருமில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.