மாப்பிள்ளைக்குப் பதினாறு

சித்தூரில் ஒரு லேபில் முப்பது வருஷம் ரத்தம் எடுத்தேன். படிப்பு எட்டாவது. என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வார்த்தையால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது.

இப்போதெல்லாம் நிச்சயத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள். பையன் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவன். ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். ரிப்போர்ட் வாங்க, அவனே சொல்லி, பெண்ணின் அப்பா வந்தார். எல்லாம் சரி. ஈசினோபில் என்கிற வெள்ளை அணு மட்டும் பதினாறு சதவீதம், தடித்த எழுத்தில். நார்மல் ஆறு வரை.

"இது இன்னா?" என்றார்.

"ஜாஸ்தி" என்றேன். அடுத்த ஆளுக்கு ஊசி குத்தப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவர் பெண்ணோடு வந்து நின்றார். பின்னாலேயே பையனின் அப்பா.

"ரத்தத்துல கோளாறு வச்சிக்கினு பொண்ணு கேக்கறீங்களா?"

"இன்னா கோளாறு? நார்மலே ஆறுதான். எம்புள்ள பதினாறு வாங்கிகீறான்!"

"யோவ், இது இன்னா பரீட்சையா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு லேப் டாக்டரைக் கூப்பிட்டேன்.

"பையனுக்குத் தும்மல் இருக்கா?" என்று கேட்டார்.

"தறிகிட்ட போனா தும்மிக்கினே இருப்பான் சார்."

"பஞ்சுத் தூசி அலர்ஜியா இருக்கலாம். வயித்துல பூச்சி இருந்தாலும் ஏறும். காரணம் பார்த்து மருந்து சாப்பிட்டா பெரும்பாலும் இறங்கிடும்."

பெண்ணின் அப்பா நம்பவில்லை. "எங்க வம்சத்துல இப்படிக் கெடையாது. என் ரத்தத்தைப் பாருங்க." அவரே சட்டைக் கையை மடித்தார். குத்தினேன்.

ரிப்போர்ட் வந்தது. பத்தொன்பது.

"மிஷின் ரிப்பேரா?" என்றார்.

"உங்களுக்கு அரிப்பு இருக்கா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்" என்றார், முதுகைச் சொறிந்துகொண்டே.

"சம்பந்தி, எம்புள்ளைய விட மூணு கூட!" என்று பையனின் அப்பா கை கொடுக்க வந்தார்.

அதுவரை பேசாத பெண் வாயைத் திறந்தாள். "நைனா, பத்தொம்பது வச்சிக்கினு நீ எங்கம்மாகிட்ட இருபத்தஞ்சு வருசம் குப்பை கொட்டல? பதினாறுக்கு இன்னா கொறச்சல்?"

அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, சம்பந்தி நீட்டிய கையைப் பிடித்தார். பையனையும் பெண்ணின் அப்பாவையும் வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினோம். நிச்சயம் குறித்த தேதியிலேயே நடந்தது.

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். நம்பர் ஏறியிருந்தால் அது வியாதியின் பெயர் இல்லை. டாக்டர் காரணம் தேட வேண்டிய இடம், அவ்வளவுதான். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். ஒற்றை வார்த்தைக்கு மேல் பேச்சு வராத நானே பழகிக்கொண்டேன்.