பிரேக்கை மிதித்தவன்

நம்பாதவர்கள் நம்பாமலேயே போங்கள், எனக்கு நஷ்டமில்லை. இது பேய்க்கென்று ஒதுக்கிய நடுராத்திரியில் நடக்கவில்லை. சாயங்காலம் நாலரை மணி. நல்ல வெயில். என் சொந்த ஒர்க் ஷாப்.

என் தங்கை புருஷன் பழைய லாரி ஒன்றை மலிவாக வாங்கி வந்திருந்தார். மறுநாள் லோடு ஏற்றி மலை இறங்க வேண்டும். பெடலை மிதித்தால் சக்கரங்களுக்கு எண்ணெயைத் தள்ளும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரோ ஒழுகியது. புதிது வாங்கப் போனவர் கடையில் மாடலைச் சரியாகச் சொல்லாததால், பொருந்துவதை வைத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு கொடுத்தனுப்பியிருந்தார்கள். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே பிஸ்டன் ஓடும் துளை மட்டும் ஒன்றில் பெரிது, ஒன்றில் சிறிது. கழற்றியதில் பெரிய துளை. எந்த மெக்கானிக்கும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பெரியதையே மாட்டினேன்.

அடுத்து, பைப்பில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்து, காற்று வெளியேற ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

“மாப்ள, ஏறி உக்காருங்க” என்று சொல்லிவிட்டு அடியில் நுழைந்தேன். வெல்டிங்கில் ஒட்டுப்போட்ட பெடல் கம்பி தலைக்கு மேலே தெரிந்தது.

“மிதிங்க.”

க்ரீச்... கம்பி அசைந்தது. காற்றும் எண்ணெயும் பீய்ச்சின. மூடினேன்.

“விடுங்க.”

விடவில்லை.

“விடுங்கன்னேன் மாப்ள.”

மெல்ல... மிக மெல்ல... கம்பி திரும்பியது.

எல்லாச் சக்கரத்துக்கும் இதே கதை. மிதிக்கச் சொன்னால் உடனே. விடச் சொன்னால் மனசே இல்லை.

கடைசிச் சக்கரத்தில், மேலிருந்து கரகரத்த குரல்.

“கட்டையா இருக்குண்ணே... நிக்காது.”

மாப்பிள்ளை என்னை அண்ணே என்றதே இல்லை. மச்சான் என்பார்.

வெளியே வந்தேன்.

கதவு பூட்டியிருந்தது.

சீட்டில் யாருமில்லை.

பெடல் மட்டும்... அழுந்தியே இருந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து போனும் கையுமாக மாப்பிள்ளை ஓடி வந்தார். “ஒரு போன் வந்துச்சு மச்சான். நான் இன்னும் ஏறவே இல்லையே. சாவி எங்கிட்டல்ல இருக்கு?”

கடைக்காரருக்குப் போன் போட்டு, மாடலையும் கழற்றியதில் பெரிய துளை இருந்ததையும் சொன்னேன்.

“அதுக்குச் சின்னதுதான். பெருசு போட்டா பெடல் கட்டையா இறுகிடும், எவ்ளோ மிதிச்சாலும் லோடோட நிக்காது. எந்தப் புண்ணியவான் மாத்துனான்?”

சிறியதை மாட்டினேன். மாப்பிள்ளை மலை இறங்கி முழுசாக வீடு வந்து சேர்ந்தார்.

சில வாரம் கழித்து, அந்த லாரியை ஒருமுறை பள்ளத்திலிருந்து தூக்கிய கிரேன்காரர் என் ஒர்க் ஷாப்புக்கு வந்தார். லாரி விழுந்ததும் அதே மலையில்தான் என்றார். டிரைவர் அங்கேயே போய்விட்டானாம். பெடல் கட்டையாக இருக்கிறது என்று அவன் ஒரு மாதமாகப் புலம்பியிருக்கிறான். கைக்குக் கிடைத்த சிலிண்டரை மாட்டிவிட்ட லாரியின் பழைய முதலாளி, உன் காலில்தான் வலுவில்லை என்று சிரித்திருக்கிறான். விபத்துக்குப் பிறகு, டிரைவர் தூங்கிவிட்டான் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விற்றுவிட்டான். செத்தவனுக்குக் கெட்ட பேர் மட்டும் மிச்சம்.

“நெஜமாவே தூங்கிட்டானா?” என்றேன்.

“தூங்குறவன் பிரேக்கை மிதிப்பானா?” என்றார் கிரேன்காரர். “அவன் காலை அதுலேருந்து எடுக்கவே முடியல. கடைசில பெடல் கம்பியைத்தான் அறுத்தோம்.”

அறுத்ததைச் சேர்த்த அந்த வெல்டிங் ஒட்டைத்தான் நான் அன்று அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுங்க, விடுங்க என்று கத்தியபடி.